வண்டி ஆறட்டும்

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத் தாண்டி அந்தப் பெயர் எங்கும் புழங்கவில்லை. பட்டறை முதலாளியிலிருந்து எதிர்ச்சாரியில் பேட்டரி விற்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'மறுபடி'தான். நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் முந்தின நாள் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். அவர் இன்ஜின் ஆயில் அளவு பார்ப்பார், ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பார், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்ப்பார். அப்புறம் தரையில் குந்தி, நான்கு டயரையும் விரலால் தடவி, பட்டைகளுக்கு நடுவே செருகிக்கிடக்கும் பொடிக்கல்லையெல்லாம் நெம்பி எடுப்பார். டிக்கியில் தூங்குகிற ஸ்டெப்னியையும் விடமாட்டார். எல்லாம் முடிந்து வண்டிக்காரர் சாவிக்குக் கை நீட்டும்போது, "மறுபடி ஒருதடவை பாத்துடலாம்" என்பார். ஆயிலிலிருந்து திரும்பத் தொடங்கும்.

"இவன் பொறக்கும்போதே பாதி வெளிய வந்துட்டு, மறுபடி உள்ள போய் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வந்திருப்பான்" என்று முதலாளி புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மறுபடியின் மனைவி சிரிக்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போன மனுஷன், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வந்து, பூட்டைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்து, அதற்குள் பேருந்து போய்விட, அடுத்த பேருந்துக்கு நிற்கும்போதும் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பெண்டாட்டிதான் சிரிப்பாள்?

டயர் விஷயத்தில் அவரிடம் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. ஓடிவந்த டயரில் காற்று அளக்க மாட்டார். ஓடினால் டயர் சூடாகும், சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும், முப்பத்திரண்டு இருக்க வேண்டிய டயர் முப்பத்தாறு, முப்பத்தேழு என்று காட்டும். அது மெய்யான கணக்கு இல்லை. வண்டியை நிழலில் நிறுத்தி, புறங்கையை வைத்தால் டயர் சில்லென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அளந்தால்தான் அவருக்கு அது அளவு. அவசரக்காரர்கள் கையைப் பிசைந்தால், "வண்டி ஆறட்டும்" என்பார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியாது. நாலு கடை தள்ளி ஒருத்தன் சீக்கிரம் பார்ப்பான், அங்கே போங்கள் என்று முதலாளியே சிலரைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பது முதலாளிக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவருடைய அக்கா.

பதினேழு வருடத்துக்கு முன்னால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் கிடையாது. கைவேகக்காரர் என்று பெயரெடுத்திருந்த காலம். ஒரு நடுப்பகலில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்தார். காலையிலிருந்து ஓட்டிவந்த வண்டி, இன்னும் அதே அளவு தூரம் போக வேண்டும், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். காற்றளக்கும் கேஜை வைத்தால் முப்பத்தேழு காட்டியது. எவனோ கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறான் என்று நினைத்து, நான்கிலும் காற்றை இறக்கி முப்பத்திரண்டில் நிறுத்தினார். பின் இருக்கையில் ஆசிரியரின் தங்கை, மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வால்வு மூடியைத் திருகிவிட்டு எழுந்தபோது, "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் நெடுஞ்சாலையில் அந்த வண்டியின் பின்பக்க இடது டயர் வெடித்து, வண்டி உருண்டது. ஆசிரியர் கை ஒடிந்து பிழைத்தார். தங்கை பிழைக்கவில்லை.

சூட்டில் முப்பத்திரண்டு என்றால் உள்ளபடி இருபத்தேழுதான். டிக்கி நிறையச் சாமான், வெயில், வேகம். அந்தக் குறைந்த காற்றுதான் காரணமா? டயரும் பழசுதான். சாலையில் எதுவும் கிடந்திருக்கலாம். அதனால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. யாரும் அவரைக் கேட்கவே இல்லை என்பதுதான் பெரிய கொடுமை. அடுத்த வருடம் ஆசிரியர் வேறு வண்டி வாங்கி அவரிடமே கொண்டுவந்து நிறுத்தினார். "நீங்க பாத்தாத்தான் எனக்கு ஒரு தைரியம்" என்றார். இவர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

அக்காவிடம் மட்டும் சொன்னார். தாயில்லாமல் போன இவரையும் தம்பியையும் ஆளாக்கியவள் அவள். அப்போது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் சொல்லச் சொல்ல மடித்துக்கொண்டே இருந்தாள். உன்மேல் தப்பில்லை என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. உன் தப்புதான் என்றும் சொல்லவில்லை. கடைசித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டு, "இனிமே எந்த வண்டியா இருந்தாலும் ஆறவிட்டுப் பாரு. பாத்ததை மறுபடி ஒருதடவை பாரு" என்றாள். அதோடு சரி. பிறகு அவள் மகளோடு ஆறு மணி நேரத் தொலைவில் இருந்த நகரத்துக்குக் குடிபோனாள். அந்த மத்தியானத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

பதினேழு வருடம் கழித்து இப்போது அக்கா மகளின் போன் வந்தபோது காலை பத்தரை மணி. அவர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"மாமா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. பாக்கணும்னு நெனைக்கிறவங்க உடனே வந்துடட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்க."

தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன். யாரையோ வெளியூரில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரப் பாதையில் பாதிக்கு மேல் திரும்பியிருந்தான். செய்தி கேட்டு வழியில் எங்கும் நிற்காமல் நேராகப் பட்டறை வாசலுக்கு வந்தான். பதினொன்றேகால். மனைவியும் மாற்றுத்துணிப் பையோடு வந்து நின்றாள். தம்பி இன்ஜினை அணைக்கவில்லை.

"ஏறு அண்ணே."

"அணைச்சிட்டு இறங்கு. ரெண்டு நிமிஷம்" என்றார் அவர். கேஜ் ஏற்கெனவே கையில் இருந்தது.

சூடான டயர் என்று தெரிந்தேதான் வைத்தார். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா. மூன்று டயர் முப்பத்தேழு காட்டியது. பின்பக்க இடது டயர் முப்பத்துமூன்று. அதே பக்கம், அதே டயர். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்த்தார். பட்டைகளுக்கு நடுவில் ஒரு திருகாணியின் தலை, ஓடி ஓடித் தேய்ந்து, வெள்ளிப்பொட்டு மாதிரி மின்னியது. எச்சில் தொட்டு வைத்ததும் நுரை கட்டியது.

தம்பியும் குனிந்து பார்த்தான். முகம் மாறியது. "நல்லவேளை" என்றான். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகலாம் என்று டிக்கியைத் திறந்தால், அதன் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. வாடகை வண்டிக்காரன் லட்சணம் இதுதானா என்று இன்னொரு நாளாக இருந்தால் அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். இப்போது டிக்கியை மூடிவிட்டுக் கழற்றிய சக்கரத்துக்கே திரும்பினார். முதலாளியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உதவினார். திருகாணியைப் பிடுங்கி, உள்பக்கம் ஒட்டுப் போட்டு, சக்கரத்தைத் திரும்ப மாட்டி முடித்தபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

அதுவரைக்கும் யாருக்கும் குறையில்லை. அண்ணன் பார்க்காமல் விட்டிருந்தால் நடுவழியில் என்ன ஆகியிருக்கும் என்று தம்பியே மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

"மத்த மூணுலயும் இப்ப முப்பத்தஞ்சு இருக்கு. இதுலயும் முப்பத்தஞ்சு அடிச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம் அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். "கழட்டுன டயர் ஒரு சூட்டுல இருக்கு, மத்த மூணும் ஒரு சூட்டுல இருக்கு. எதை வச்சு எதை நம்புறது?"

"ரெண்டு கூடுனா என்ன ஆயிடும்? கொறைஞ்சாத்தானே ஆபத்து. நீ எனக்குச் சொன்னதுதானே."

அது சரிதான். அவர் சொன்னதுதான். கூட ஒன்றிரண்டு இருப்பதால் மோசம் போவதில்லை, வழியில் எங்காவது வண்டி ஆறியிருக்கும்போது சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நூறு பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். முதலாளியும் அதையே சொன்னார். அவருக்கும் புத்தியில் எல்லாம் விளங்கியது. கை மட்டும் வரவில்லை. காற்றுக்குழாயைப் பிடித்தபடி நின்றார். சன்னல் பக்கமாக ஒரு குரல், அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா என்று கேட்ட மாதிரி இருந்தது. குழாயை ஆணியில் மாட்டினார்.

"வண்டி ஆறட்டும்" என்றார்.

மனைவி பையைக் கீழே வைத்தாள். "ஏங்க, அங்க அவங்க உங்களைக் கேட்டுட்டு இருக்காங்க. டயரு நாளைக்கும் இருக்கும். அவங்க இருப்பாங்களா?"

"நீ பின்னாடிதானே உக்காரப்போற? நீ உக்காரப்போற எடம் அந்த டயருக்கு நேர் மேல."

இப்படி ஒரு முகத்தை அவள் அவரிடம் பார்த்ததில்லை. பையை மறுபடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அவர் வண்டியை நிழலுக்குத் தள்ளச் சொன்னார். காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது மாதிரி புறங்கையை டயரில் வைத்தார். எடுத்தார். வைத்தார். தம்பி சுவரில் சாய்ந்து சாவியைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். வாசலில் மனைவியின் போன் ஒருதரம் அடித்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தணிந்த குரலில் ஏதோ பேசினாள். யார் என்று அவர் கேட்கவில்லை. பட்டறையில் அன்று அவரை வைத்து யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஒருவேளை எழுந்திருப்பார்.

ஒரு மணிக்கு டயர் ஆறியது. நான்கிலும் அளந்து, முப்பத்திரண்டில் நிறுத்தி, மூடிகளைத் திருகினார். தம்பி கதவைத் திறந்தான். அவர் அந்த முதல் சக்கரத்துக்கே திரும்பிப் போய்க் குந்தி, இப்போதுதான் மாட்டிய மூடியைக் கழற்றினார். தம்பி கதவைச் சாத்தினான். அதில் ஒரு பத்து நிமிடம்.

தம்பி நன்றாகத்தான் ஓட்டினான், எப்போதையும்விட வேகமாக. அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பெட்ரோல் போட நிறுத்தியபோது இறங்கிப் போய் அதைத் தொட்டார். ஒட்டு பிடித்திருந்தது. ஓடிவந்த டயர் இருக்க வேண்டிய சூட்டில்தான் இருந்தது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் நெருங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது மனைவியின் போன் அடித்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. "ம்... சரிம்மா... சரி" என்று மட்டும் பின்னாலிருந்து கேட்டது. தம்பியின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து மெல்ல எழுந்தது. அதுவரை எல்லாவற்றையும் முந்திவந்த வண்டி, ஒரு லாரிக்குப் பின்னால் போய் அதன் வேகத்திலேயே ஓடத் தொடங்கியது. அவருக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

அக்கா போனது ஆறு இருபதுக்கு. இவர்கள் போய் இறங்கியது ஏழுக்கு. ஆஸ்பத்திரி நடைபாதையில் போட்டிருந்த இரும்புப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தது ஒரு மணி நேரம். இரண்டாம் தடவை பார்த்தது பத்து நிமிடம். எழுபதில் நாற்பது போனால் முப்பது. கடைசி முப்பது நிமிடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். இந்தக் கணக்கையும் அவர் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

ஏன் இவ்வளவு நேரம் என்று வந்தவர்கள் கேட்டார்கள். தம்பிதான் பதில் சொன்னான். வழியில் பாலம் வேலை, ஒரு மணி நேரம் நகர விடவில்லை என்றான். அடுத்தவர் கேட்டபோது பாலத்தில் ஒரு லாரியும் பழுதாகி நின்றது. மூன்றாமவருக்குச் சொல்லும்போது அந்த லாரிக்கு நிறம்கூட வந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அண்ணனுக்காகத் தட்டுத்தடுமாறிப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். இது தாங்க முடியவில்லை.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம், அக்கா மகள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவரைப் பார்த்து, துணியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "சின்ன மாமா பாலம் வேலைங்கறாரு. எனக்குத் தெரியும் மாமா. மத்தியானம் நான் போன் பண்ணப்பவே அத்தை சொல்லிட்டாங்க."

அவர் தம்ளரைப் பிடித்தபடி நின்றார். "திட்டணும்னா திட்டிடும்மா."

"திட்டணும்னுதான் இருந்தேன். அந்தக் கோபத்துலதான் அம்மாகிட்டயும் போய்ச் சொன்னேன். மாமா இன்னும் கெளம்பவே இல்ல, டயர் சூடா இருக்காம், ஆறட்டும்னு பக்கத்துல உக்காந்திருக்காராம்னு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அவனை அவசரப்படுத்தாத, ஆறினப்புறம் பாக்கட்டும், மறுபடி ஒருதடவை பாத்துட்டே வரட்டும்னாங்க." அவள் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். "அப்புறம் அஞ்சு மணி வாக்குல கண்ணத் தொறந்து, வண்டி ஆறிடுச்சாம்மான்னு கேட்டாங்க. நெனவு தப்பிப் பேசுறாங்கன்னு நெனச்சேன். ஆறிடுச்சும்மா, பாதி வழி வந்துட்டாங்கன்னேன். சரின்னாங்க. அதுக்கப்புறம் பேசவே இல்ல. கடைசியா பேசுனது இதுதான். அம்மாவுக்கு எதுக்கு மாமா டயரு?"

அவருக்குச் சொல்ல வாய் வந்தது. "உங்கம்மாதான்..." என்று தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். தாயைப் புதைத்த கண்ணீர்கூட இன்னும் காயாத முகம். அதன்மேல் இதையும் தூக்கி வைக்கவா?

"ஒண்ணுமில்லம்மா. அந்தக் காலத்துல வேலையப் பத்தியெல்லாம் அவகிட்டதான் பேசுவேன். அந்த ஞாபகம்" என்றார்.

அவள் நம்பினாளோ இல்லையோ, தலையாட்டினாள். அந்த மத்தியானத்தை அறிந்த ஒரே ஆளும் போய்விட்டாள். இனிமேல் அது அவர் ஒருவருடையது மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் திரும்பக் கிளம்பினார்கள். வண்டி இரண்டு நாளாக அசையாமல் வீட்டுப் பக்கத்து மதில் ஓரம் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் பனி. மனைவி பையை உள்ளே வைத்துவிட்டு, அக்கா மகளிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் நேராக முன்கதவைத் திறந்து உட்காரப் போனார். ஆயிலைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்க்கவில்லை.

தம்பி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். கையில் கேஜ் இருந்தது. நீட்டினான்.

"பாக்கலையா?"

"வேண்டாம்டா."

தம்பி கையை மடக்கவில்லை. நீட்டியபடியே நின்றான். இரண்டு நாளில் அண்ணனுடைய முகத்தை அவன் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் வாங்கிக்கொண்டார். பின்பக்க இடது சக்கரத்துக்கு முன்னால் குந்தி, புறங்கையை வைத்தார். கல் மாதிரி குளிர்ந்திருந்தது. இதைவிட ஆறிய டயரை அவர் தொட்டதே இல்லை. மூடியைக் கழற்றி கேஜை வைத்தார். முப்பத்திரண்டு. ஒட்டிலிருந்து ஒரு மூச்சுக்கூடப் போயிருக்கவில்லை. அடுத்தது முப்பத்திரண்டு. முன்னால் இருந்த இரண்டும் முப்பத்திரண்டு. அப்படி ஒரு கச்சிதம்.

எழுந்திருக்க வேண்டியதுதான். அவர் திரும்பவும் முதல் சக்கரத்துக்கு நகர்ந்து, மூடியைக் கழற்றினார். தம்பி மதிலில் சாய்ந்துகொண்டான். அவசரப்படுத்தவில்லை.